ராஸ்பெர்ரி பை: முதல் கம்ப்யூட்டராக வாங்கலாமா?

"மாமா, டிவியில வானவில் மாதிரி கலர் கலரா வந்து அப்படியே நிக்குது. இப்ப என்ன பண்ணட்டும்?"

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகள் திண்டுக்கல்லில் இருந்து இப்படி போன் செய்தபோது இரவு மணி பத்தரை. அந்த வானவில்லுக்குக் காரணம் நான்தான். "கம்ப்யூட்டருக்கு எதற்கு இவ்வளவு பணம்? சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு இருக்கிறது. வீட்டு டிவியே மானிட்டர். லினக்ஸ் இலவசம்" என்று தங்கையிடம் அடித்துச் சொல்லி, ராஸ்பெர்ரி பை 4 போர்டை வாங்க வைத்தவன் நான். பல வருடங்களாகக் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டிக் கொண்டிருப்பவன் சொன்னால் வீட்டில் நம்புவார்கள் அல்லவா? நம்பினார்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும் பலர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டராக வாங்காதீர்கள். ஏன் என்பதை நான் பட்ட பாட்டை வைத்தே சொல்கிறேன்.

இந்த போர்டு 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் படிக்க வரும் மாணவர்களில் ஏற்கெனவே புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் குறைந்து கொண்டே போனதைப் பார்த்த எபன் அப்டனும் நண்பர்களும் ஆரம்பித்த முயற்சி இது. 1980களில் அங்கே பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டியே ஒரு தலைமுறை புரோகிராமிங் கற்றது. அதே போல இன்னொன்று வேண்டும் என்று நினைத்தார்கள். 35 டாலருக்கு வந்த முதல் மாடலில் 256 எம்பி ராம், 700 மெகாஹெர்ட்ஸ் சிப், அவ்வளவுதான். ஆகவே இது பிறந்தது கற்றுக் கொள்வதற்காக. ஆபீஸ் வேலைக்காக அல்ல. இதை நான் மறந்துவிட்டேன்.

இதில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்திற்கு முன்பு ராஸ்பியன் என்று பெயர். 2020ல் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் என்று மாறியது. அடிப்படை டெபியன் லினக்ஸ். இதன் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. முதல் போர்டில் இருந்தது சற்றுப் பழைய வகை ஏஆர்எம் சிப். டெபியனின் வேகமான ஏஆர்எம் பதிப்பு அதைவிடப் புதிய சிப்களுக்காகத் தயாரானது, இதில் ஓடாது. மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் ஆகியோர் யாரும் கேட்காமலே உட்கார்ந்து, 35,000க்கும் மேற்பட்ட சாப்ட்வேர் தொகுப்புகளை இந்த சிப்புக்காக மறுபடியும் கம்பைல் செய்தார்கள். சோர்ஸ் கோட் திறந்து கிடந்ததால்தான் அது முடிந்தது. "ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம்" என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். (போர்டு உயிர் பெறும்போது முதலில் ஓடும் பூட் பைல்களுக்கு மட்டும் சோர்ஸ் இன்றும் திறந்ததில்லை. அந்தக் குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

சரி, திண்டுக்கல்லுக்கு வருவோம்.

முதல் தவறு சார்ஜர். பை 4 போர்டுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். வீட்டில் கிடந்த மொபைல் சார்ஜரை மாட்டச் சொன்னேன். அதில் "18 வாட்" என்று பெரிதாக எழுதியிருந்தது. போதாதா? போதாது. அந்த 18 வாட் என்பது, மொபைல் கேட்டால் 9 வோல்ட்டில் கொடுக்கும் கணக்கு. இந்த போர்டு 5 வோல்ட் மட்டுமே வாங்கிக் கொள்ளும். 5 வோல்ட்டில் அந்த சார்ஜர் தருவது 2 ஆம்பியர்தான். கேபிளும் மெலிந்ததாக இருந்தால் போர்டை அடையும்போது வோல்ட்டேஜ் இன்னும் இறங்கும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் சின்ன மின்னல் படம் தோன்றும். அவள் அதையும் சொன்னாள். "ஏதோ டிசைன்மா, விடு" என்றேன்! தானாக ரீஸ்டார்ட் ஆவதும், மவுஸ் நின்று போவதும் அதனால்தான். இரண்டு நாள் லினக்ஸைத் திட்டிவிட்டுப் பிறகுதான் சரியான அடாப்டர் வாங்கினோம். பை 5 வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கும். 3 ஆம்பியரிலும் ஓடும். ஆனால் யுஎஸ்பி வழியாக வெளியே கொடுக்கும் கரண்ட்டைக் குறைத்துவிடும்.

இரண்டாவது தவறும் என்னுடையதே. இந்த போர்டில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. நாம் பழகிய பயாஸ் செட்டப் திரையும் கிடையாது. மைக்ரோ எஸ்டி கார்டில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதி, போர்டின் அடியில் செருக வேண்டும். இதற்கு ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச புரோகிராம் 2020ல் இருந்து கிடைக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதை இன்ஸ்டால் செய்து, எந்த போர்டு, எந்த ஓஎஸ், எந்த கார்டு என்று மூன்றையும் தேர்ந்தெடுத்தால், டவுண்லோட் செய்து எழுதி, சரியாக எழுதப்பட்டதா என்று சோதித்தும் தரும். மிக எளிது. எழுதி முடித்தவுடன் விண்டோஸ் ஒரு செய்தி காட்டியது: இந்த டிஸ்க்கைப் பார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா? வருடக் கணக்கில் ஊறிய பழக்கம், கை தானாக ஓகே அழுத்திவிட்டது. எழுதிய லினக்ஸ் போயே போய்விட்டது. கார்டில் இரண்டு பார்ட்டிஷன்கள் இருக்கும். ஒன்றை விண்டோஸ் படிக்கும். இன்னொன்று லினக்ஸ் வகை. விண்டோஸுக்கு அது புரியாததால் பார்மட் செய்யச் சொல்லும். அந்தச் செய்தி வந்தால் கேன்சல் செய்துவிட்டு கார்டை எடுத்துவிடுங்கள்.

போர்டு பூட் ஆகாவிட்டால் அதில் இருக்கும் பச்சை விளக்கைப் பாருங்கள். அது சும்மா மின்னுவதில்லை. நான்கு முறை விட்டு விட்டு மின்னினால் தொடக்க பைல் கிடைக்கவில்லை. ஏழு முறை என்றால் லினக்ஸ் கெர்னல் கிடைக்கவில்லை. வானவில் திரையோடு நின்றால் போர்டு நல்லபடியாக இருக்கிறது, கெர்னல் ஏறவில்லை என்று அர்த்தம். கார்டை மறுபடியும் எழுதினால் பெரும்பாலும் சரியாகும். எங்களுக்கும் அப்படித்தான் சரியானது. இன்னொன்று, பை 4, பை 5 போர்டுகளில் இரண்டு சிறிய எச்டிஎம்ஐ சாக்கெட்கள் உண்டு. ஒரே திரை என்றால் பவர் சாக்கெட்டை ஒட்டியிருப்பதில் மாட்டுங்கள்.

கீபோர்டு விஷயம் சிரிப்பாக இருக்கும். ஆரம்பத்தில் இங்கிலாந்து கீபோர்டு என்று எடுத்துக் கொள்ளும். மெயில் முகவரியில் அட் குறியை அடித்தால் மேற்கோள் குறி விழும். அரை மணி நேரம் கீபோர்டு ரிப்பேர் என்றே நினைத்தோம். செட்டிங்ஸில் அமெரிக்க கீபோர்டு என்று மாற்றினால் போதும். நாட்டை இந்தியா என்று கொடுக்கவும் மறக்காதீர்கள். நாடு எது என்று தெரியும்வரை வை-பை வேலை செய்யாது.

இத்தனைக்கும் பிறகு அது ஓடியது. நன்றாகவே ஓடியது. பிரவுசர், லிப்ரே ஆபீஸ், பைத்தான் எழுத தோன்னி எல்லாம் இருந்தன. தமிழில் டைப் செய்ய ஐபஸ், அதற்கான எம்17என் தொகுப்பு இரண்டையும் சேர்த்து தமிழ்99 கீபோர்டும் வைத்துக் கொடுத்தேன். காலேஜில் பயன்படுத்தும் ஒரு விண்டோஸ் சாப்ட்வேரைப் பதிய முடியாதா என்று கேட்டாள். முடியாது. அது இன்டெல் வகை சிப்களுக்காக எழுதப்பட்டது, இது ஏஆர்எம். இந்த ஒரு காரணமே பலருக்குப் போதும், வாங்காமல் இருக்க.

பன்னிரண்டாவது நாள் போன் வந்தது. இந்த முறை இரவு இல்லை, மதியம். புராஜக்ட் ரிப்போர்ட், 38 பக்கம், திறக்கவில்லை. அன்று மாலையே பஸ் ஏறினேன். பைல் இருந்தது, உள்ளே குப்பை. மற்ற பைல்களும் ஒவ்வொன்றாகப் போய்க் கொண்டிருந்தன. கார்டை ஊருக்குக் கொண்டு வந்து எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமால் சோதித்தேன். மேலே 64 ஜிபி என்று அச்சிட்டிருந்த கார்டில் உண்மையில் இருந்தது 8 ஜிபிக்கும் குறைவு. போலி கார்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. வாங்கியவன் நான்தான். ஆபரேட்டிங் சிஸ்டம் உண்மையான இடத்தில் பதிந்ததால் ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. முதல் முறை பூட் ஆகும்போது சிஸ்டம் தன் பார்ட்டிஷனைக் கார்டின் முழு அளவுக்கு விரித்துக் கொள்ளும். பைல்கள் பெருகப் பெருக, இல்லாத இடத்தில் எழுதத் தொடங்கிவிட்டது.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லை மாமா" என்றாள். தோழியின் லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, மூன்று இரவு கண் விழித்து மறுபடியும் அடித்தாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகவே என் கருத்து இதுதான். வேலை தடைப்படக் கூடாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, ஒரே ஒரு மெமரி கார்டை நம்பியிருக்கும் கம்ப்யூட்டரைச் சிக்கனம் என்று சொல்லி விற்கக் கூடாது, சிபாரிசும் செய்யக் கூடாது. நல்ல அடாப்டர், நல்ல கார்டு, கேபிள், கேஸ், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். போர்டின் விலை மட்டும் விலை அல்ல. கரண்ட் போகும் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கார்டில் எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் நல்ல கார்டும் கெடலாம். லினக்ஸ் கற்க ஆசை, பணம் குறைவு என்றால் பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை இறக்குங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததில் இருந்து, ஓடும் நிலையிலேயே ஒதுக்கப்பட்ட சிஸ்டம்கள் எத்தனையோ. அதில் பென் டிரைவில் இருந்து டெபியனோ லினக்ஸ் மின்ட்டோ போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் பதியாமலே ஓட்டிப் பார்க்கலாம்.

அப்படியானால் இந்த போர்டு எதற்கு? பயமில்லாமல் கெடுத்துப் பார்க்க. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு செட்டிங்கை மாற்றவே நமக்குக் கை நடுங்கும். இதில் எதைக் கெடுத்தாலும் கார்டை எடுத்து, இன்னொரு கார்டைச் செருகினால் புது சிஸ்டம். அரை மணி நேர வேலை. பக்கத்தில் 40 பின்கள் இருக்கின்றன. எல்இடி, சென்சார் மாட்டி பைத்தானில் இயக்கலாம். ஏ1 அல்லது ஏ2 என்று குறியிட்ட கார்டாக, தெரிந்த கடையில் வாங்கி, வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். எழுதுவதை எல்லாம் பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள்.

தங்கை வீட்டில் இப்போது கடனுக்கு ஒரு பழைய லேப்டாப் வந்துவிட்டது. காலேஜ் வேலையெல்லாம் அதில்தான். போர்டு அவளிடமே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் பஸ்ஸர் அடிக்கிற மாதிரி ஏதோ செய்து வைத்திருக்கிறாள். இதுவரை நான்கு முறை சிஸ்டத்தைக் கெடுத்து நான்கு முறையும் தானே எழுதிக் கொண்டாள். எனக்குப் போன் இல்லை. போன மாதம் போயிருந்தபோது, போர்டின் அடாப்டரில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது: "மாமா, இதை மொபைலுக்கு மாட்டாதீங்க."