பிழைத்தவரையும் விசாரிப்போம்

செட்டியார்பட்டியில் ஒரு கர்ப்பிணிக்குத் தலைவலி என்று வைத்துக்கொள்வோம். முப்பத்து நான்காவது வாரம். திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு, வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருப்பவர். பிபி 160/110. கிராம சுகாதார செவிலியர் 108ஐ அழைக்கிறார். ராஜபாளையத்தில் முதல் சிகிச்சை, அங்கிருந்து மதுரைக்கு ரெஃபர். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது வலிப்பு வருகிறது. ஐசியூவில் சில நாட்கள் இருந்துவிட்டுத் தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள். செவிலியரின் மேசைக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வருகிறது. அதோடு சரி.

இதே பெண் இறந்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போயிருக்கும். குழு ஒன்று வீட்டுக்கே சென்று உறவினர்களிடம் விசாரித்திருக்கும். மருத்துவமனையில் தனி ஆய்வு, பிறகு மாவட்ட ஆட்சியர் முன் ஆய்வு. பிழைத்துக்கொண்டதால் ஒரு தாள்கூட நகரவில்லை. இறந்தவருக்கும் பிழைத்தவருக்கும் நாம் செய்தது பெரும்பாலும் ஒன்றேதான். நடுவில் இருப்பது அரை மணி நேரம், அல்லது ஓட்டுநரின் சாமர்த்தியம்.

தாய் மரணங்களை ஆராய்வதில் தமிழ்நாடு முன்னோடி. பொது சுகாதாரத் துறை 1990களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. 2004 முதல் வீடோ, வண்டியோ, தனியார் மருத்துவமனையோ, எங்கே நடந்த மரணமும் ஆய்வுக்கு உட்பட்டது. நாடு முழுமைக்குமான மத்திய அரசின் வழிகாட்டி 2010இல்தான் வந்தது. 2001-03இல் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த நம் மாநிலத்தின் தாய் மரண விகிதம் 2018-20இல் 54 ஆனது. ஆய்வுதான் இதைச் சாதித்தது என்று சொல்லமாட்டேன். மூன்று செவிலியர்களோடு 24 மணி நேரமும் இயங்கிய ஆரம்ப சுகாதார நிலையங்களும், சீமாங் எனப்படும் அவசர பேறுகால சிகிச்சை மையங்களும், 108உம் இல்லாமல் ஆய்வுக்கூட்டம் மட்டும் நடத்திக்கொண்டிருந்தால் எதுவும் குறைந்திருக்காது. ஆனால் எங்கே எது இல்லை என்பதை அந்த விசாரணைகள் வெளியே கொண்டுவந்தன.

சிக்கல் இப்போது வேறிடத்துக்கு வந்துவிட்டது. ததேயஸ், மெய்ன் இருவரும் 1994இல் எழுதிய 'மூன்று தாமதங்கள்' நமக்குப் பாடமாகவே வருபவை: முடிவெடுப்பதில், வந்து சேர்வதில், வந்தபின் சிகிச்சை கிடைப்பதில். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. முதல் இரண்டு தாமதங்களும் முன்போல் இல்லை. எஞ்சியிருக்கும் மூன்றாவது நம் லேபர் வார்டுக்குள் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் அங்கே நின்றவர்கள்.

அங்கே நின்றவர்கள் என்ன எழுதுகிறார்கள்? 'உயர்சிகிச்சைக்கு அறிவுறுத்தப்பட்டது. உறவினர் மறுத்தனர்.' பொய் என்று சொல்லவில்லை. ஆனால் இது ஒழுங்கு நடவடிக்கைக்கான விதி 17(பி)யை மனத்தில் வைத்து எழுதிய வாக்கியம். யார் மறுத்தார்கள், மாமியாரா கணவரா? எத்தனை மணிக்கு? நாம் சொன்னது அவர்களுக்குப் புரியும்படி இருந்ததா, இல்லை 'சீரியஸ்' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டோமா? இவை எதுவும் அதில் இருக்காது. ஆய்வின் நோக்கம் தண்டிப்பதல்ல என்று வழிகாட்டிகள் ஒவ்வொன்றும் சொல்கின்றன. ஆட்சியர் முன் கேஸ் ஷீட்டோடு நின்றவர்களுக்கு அந்த வரி எவ்வளவு ஆறுதல் தரும் என்பது தெரிந்ததே. மெமோவுக்கு எழுதும் பதிலில் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை.

அதனால்தான் பிழைத்தவர்களிடமிருந்து தொடங்கலாம் என்கிறோம். அங்கே மெமோ இல்லை. மயிரிழையில் தப்பியவர்களை ஆராய மத்திய அரசு 2014இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆனால் அது பெரிய மருத்துவமனைகளின் தரவுகளை எதிர்பார்ப்பது. துணை சுகாதார நிலையத்தில் தனியாக இருப்பவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இப்படித் தன் வேலையைத் தானே திரும்பிப் பார்ப்பது புதிதல்ல. டொனால்ட் ஷான் 1983இல் கட்டிடக் கலைஞர், உளமருத்துவர், பொறியாளர் என்று பலரையும் கவனித்து ஒரு நூல் எழுதினார். தேர்ந்தவர்கள் பாடத்தில் இல்லாததை வேலையின் நடுவிலேயே யோசித்துத் திருத்திக்கொள்கிறார்கள், முடிந்தபின் அதையே திரும்ப எடுத்துப் பார்க்கவும் செய்கிறார்கள் என்பது அவர் கண்டது. 1988இல் கிப்ஸ் இந்தத் திரும்பிப் பார்த்தலை ஆறு படிகளாக்கினார். செவிலியர் கல்லூரிகள் அந்த ஆறையும் படிவமாக்கின. 2019இல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தின் லாக் புக்குக்குள்ளும் சுயசிந்தனைக் குறிப்பு வந்துவிட்டது. மதிப்பெண்ணுக்காக எழுதும் சுயசிந்தனை எப்படி இருக்கும் என்பதைத் திருத்துகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எழுதுவதில் கடினமானது ஒன்றுதான்: இப்போது தெரிந்ததை அப்போதே தெரிந்ததுபோல் எழுதாமல் இருப்பது. வலிப்பு வந்த பிறகு அந்தத் தலைவலி எல்லாருக்கும் 'அறிகுறி'. வரும் முன் அது தறிச்சத்தத்தில் தூக்கம் கெட்ட ஒரு பெண்ணின் தலைவலி. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன், எதைப் பார்த்தும் விட்டுவிட்டேன், யாரிடம் கேட்கத் தயங்கினேன் என்பதை அன்றிரவே எழுதவேண்டும். மறுநாள் நினைவு நமக்குச் சாதகமாக மாறிவிடும்.

நாம் வைத்துக்கொண்ட கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னீசியம் சல்ஃபேட் முதல் டோஸ், ஒரு பக்கத்துக்கு 5 கிராம் வீதம் புட்டத்தில் போடும் ஊசி, வண்டி ஏறுமுன் போடப்பட்டதா? மருந்து கையிருப்பில் இருந்ததா, இருந்தும் கை தயங்கியதா? திருப்பூரில் எடுத்த பிபி அளவுகளை நாம் கேட்டு வாங்கினோமா? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் வழக்கம் உள்ள ஊரில், ஏழாம் மாதத்தோடு ஒரு செவிலியரின் பார்வையிலிருந்து நழுவும் பெண் அடுத்தவரின் பார்வைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? இதை உரிய செவிலியர்கள் இருவரும் தொலைபேசியிலேயே பேசி முடிக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காலிப் பணியிடமும் தீர்ந்துபோன மருந்தும் செவிலியரின் சுயபரிசோதனைக்குரிய குற்றங்கள் ஆகிவிடக் கூடாது. நாலைந்து குறிப்புகளில் ஒரே குறை வந்தால் அது வட்டார மருத்துவ அலுவலரின் மேசைக்குப் போகவேண்டியது.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை இதற்கு ஒதுக்குகிறோம். பிழைத்தவரைப் பற்றி மட்டும் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குள். பெண்ணின் பெயர், ஊர், பிக்மி (கர்ப்பிணிப் பதிவு) எண், தேதி வேண்டாம். மருத்துவமனையின் பெயரும் உங்கள் பெயரும் வேண்டாம். கேஸ் ஷீட்டைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். முக்கியமாக, எங்களுக்கு அனுப்பும் முன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்; அங்கே மெமோ கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.