நாணயத்தில் வந்த முகம்

போரின் கதையைச் சொல்லிப் பிழைக்கும் ஊர்கள் உலகில் பல உண்டு. கிரேக்க நாட்டின் கடலோர ஊரான நாப்பிளியோ அவற்றில் ஒன்று. ஏதென்ஸ் நகரில் ஒரு பயிற்சிக்குச் சென்றிருந்தபோது கிடைத்த இரண்டு நாள் ஓய்வில் அங்கு போய் வந்தேன். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்.

ஊருக்கு மேலே, 216 மீற்றர் உயரமான குன்றில் பலமிடி கோட்டை நிற்கிறது. வெனிஸ் ஆட்சியாளர் 1711 முதல் 1714 வரை இதைக் கட்டினர். மறு ஆண்டே ஒட்டோமன் துருக்கியர் கைப்பற்றினர். 1822 நவம்பர் 30 ஆம் திகதி, புனித அந்திரேயாவின் திருநாளன்று, அது கிரேக்கர் வசமானது. கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயம் இன்றும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. ஏறும் படிகள் 999 என்பது ஊர்ப்பேச்சு. எண்ணிப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு என்கிறார்கள். எனக்கோ பாதி வழியிலேயே மூச்சு வாங்கிவிட்டது!

1834 இல் ஏதென்ஸ் தலைநகராகும் வரை புதிய கிரேக்கத்தின் தலைநகரம் இதுதான். நாட்டின் முதல் ஆளுநர் கப்போடிஸ்திரியாஸ் 1831 இல் புனித ஸ்பிரிடோன் ஆலய வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுவரில் உள்ள குண்டு அடையாளத்தைக் கண்ணாடியிட்டுக் காட்டுகிறார்கள். போரால் இடம்பெயர்ந்து வந்தோருக்கென அவர் அமைத்த குடியிருப்பு ‘ப்ரோனியா’. கிரேக்க மொழியில் ‘பராமரிப்பு’ என்று பொருள். சமூகநலப் பணியையும் அவர்கள் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். இதை அறிந்தபோது அந்த எளிய வீதிகளில் இன்னும் சற்று நேரம் நடக்கத் தோன்றியது.

கிரேக்கரின் பெரிய திருவிழா உயிர்த்த ஞாயிறு. பெரிய வெள்ளியன்று இயேசுவின் திருவுடலைக் குறிக்கும் பாடையை மலர்களால் அலங்கரித்து, இரவில் மெழுகுதிரிகளோடு வீதிவலம் கொண்டு செல்வார்கள். பூக்கட்டும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. மகனை இழந்த தாயின் புலம்பலை ஊரே சேர்ந்து பாடும் நாள் அது. துயரத்தைத் தனியே சுமக்காமல் பலரோடு பகிர்வதன் ஆறுதலை நாமும் அறிவோம்.

கடைத்தெருவில் ‘கொம்போலோய்’ என்னும் மணிமாலைகள் தொங்குகின்றன. செபிப்பதற்கல்ல, மனக்கவலை தீர விரல்களில் உருட்டுவதற்கு. அதற்கென ஒரு நூதனசாலையும் உண்டு. நான் ஒரு சிறிய மாலையும், அந்தப் பிரதேசத்தில் நிறைய விளையும் தோடம்பழங்களில் கொஞ்சமும் வாங்கினேன். ஆயினும் மனதில் நின்றது, 1974 இல் யோவன்னா பபந்தோனியூ என்ற பெண்மணி தொடங்கிய நாட்டாரியல் நிலையம். பெண்கள் நெய்த துணிகளும் பூவேலை செய்த உடைகளும் அங்கு பேணப்படுகின்றன. 1981 இல் ஐரோப்பாவின் சிறந்த நூதனசாலைக்கான விருதை அது பெற்றது.

இந்த ஊரில் வாழ்ந்த இன்னொரு பெண்ணின் கதையையும் சொல்ல வேண்டும். மண்டோ மவ்ரோயெனூஸ் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். விடுதலைப் போருக்காகக் கப்பல்களுக்கும் வீரர்களுக்கும் தன் சொத்தையெல்லாம் செலவிட்டார். கப்போடிஸ்திரியாஸ் அவருக்குப் படைப்பதவியும் நாப்பிளியோவில் ஒரு வீடும் கொடுத்தார். பின்பு ஆதரவு குறைந்தது. செலவழித்ததைத் திருப்பித் தரும்படி அரசுக்கு எழுதினார். கடைசியில் பாரோஸ் தீவில் வறுமையில் இறந்தார். 1988 இல் அவருடைய முகம் 2 திரக்மா நாணயத்தில் பொறிக்கப்பட்டது. 2002 இல் யூரோ வந்ததும் அந்த நாணயமும் போய்விட்டது.

நாணயத்தில் முகம் வருவது பெருமைதான். ஆனால் பசித்திருந்த காலத்தில் அந்த நாணயம் அவர் கையில் இருந்திருக்க வேண்டும். சகோதரிகளே, உங்களுக்குக் கிடைக்க வேண்டியதை வாழும்போதே கேளுங்கள். எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மனுவிலும் ஒரு பிரதியைத் திகதியிட்டு வைத்திருங்கள். தனியாகப் போக முடியாவிட்டால் நால்வராகச் சேர்ந்து போங்கள். கேட்பது பிச்சையல்ல, உரிமை.