சுமைகூலி முக்கால் பணம்!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அமெரிக்காவில் சிறு தொழில் செய்து பிழைப்பவர்களின் கதை இப்போது அப்படித்தான் இருக்கிறது.

ஒரு பெண் கடையில் வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு நேரத்தில் வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறாள். செலவு போக, தையலில் வருஷத்துக்கு 500 டாலர் மிஞ்சுகிறது.

அந்நாட்டுச் சட்டப்படி, சொந்தத் தொழிலில் 400 டாலர் மிஞ்சினாலே கணக்குக் காட்ட வேண்டும். இந்த 500 டாலருக்கு அவள் கட்ட வேண்டிய சுயதொழில் வரி சுமார் 71 டாலர். வருமான வரி தனி.

அந்தக் கணக்கை இன்டர்நெட்டில் அனுப்பித் தரும் பெரிய கம்பெனி கேட்கும் கூலியோ 100 டாலருக்கு மேல்! மாநில வரிக் கணக்குக்கு வேறு கட்டணம்!

ஏன் இந்தக் கூலி?

சம்பளக்காரருக்குத் தொல்லை குறைவு. முதலாளியே வரியைப் பிடித்துக் கட்டிவிடுவார். முதுமைக்கால உதவிக்கும் வைத்தியத்துக்கும் உரிய வரியில் பாதி முதலாளியுடையது.

சொந்தத் தொழில்காரருக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. ஆகவே இரண்டு பங்கும் அவர் தலையில்தான். மொத்தம் 15.3 சதவீதம். வரவு என்ன, பெட்ரோல் செலவு என்ன, சாமான் செலவு என்ன என்று தனிப் பாரத்தில் எழுத வேண்டும். அதன் பெயர் 'ஷெட்யூல் சி'.

இந்தப் பாரம் வேண்டும் என்றதும், இலவசம் என்று அழைத்த கம்பெனி பணம் கேட்கும். பாதிக் கணக்கு எழுதிய பிறகே இது தெரிகிறது என்பது பலருடைய புகார்.

"இலவசம்! இலவசம்!"

2002-ல் வரி இலாகாவும் கம்பெனிகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கம்பெனிகள் மக்களுக்கு இலவச சேவை தர வேண்டும். அதற்குப் பதிலாக, இலாகா சொந்தமாகப் போட்டி சேவை தொடங்காது. 2019 கடைசியில்தான் இந்த நிபந்தனை நீங்கியது.

பலன்? இலவச சேவை பெறத் தகுதி இருந்தும் ஒரே வருஷத்தில் 1 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டியிருக்கக்கூடும் என்று 2020-ல் அரசாங்கத் தணிக்கை கூறியது.

'டர்போடாக்ஸ்' நடத்தும் இன்ட்யூட் கம்பெனி, 2022-ல் 14 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இலவசமாக அனுப்பியிருக்கக்கூடிய சுமார் 44 லட்சம் பேருக்கு அந்தப் பணம் போயிற்று.

வந்தது, போனது!

2024-ல் வரி இலாகாவே 12 மாநிலங்களில் இலவச சேவையைத் தொடங்கியது. 2025-ல் அது 25 மாநிலங்களுக்குப் பரவியது. ஆனால் சொந்தத் தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு அதில் இடம் இல்லை! 2026-ல் அந்தச் சேவையும் நிறுத்தப்பட்டது.

வழியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் தேடிப் போக வேண்டும்.

வரி இலாகாவின் பக்கம் வழியாக உள்ளே போனால், சில கம்பெனிகள் சொந்தத் தொழில் கணக்கையும் இலவசமாக ஏற்கின்றன. 2025-ல் இதற்கு வருமான வரம்பு 84 ஆயிரம் டாலர். அதே கம்பெனியின் சொந்த வாசல் வழியாகப் போனால் கூலி விழலாம்!

இலாகாவின் வெற்றுப் பாரங்களை நிரப்பியும் இலவசமாக அனுப்பலாம். இதற்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் சொல்லித்தர ஆள் கிடையாது. மாநிலக் கணக்கும் இதில் சேராது. வருமானம் குறைந்தவர்களுக்குத் தொண்டர்கள் உதவும் முகாம்களும் உண்டு. சிறிய தொழில் கணக்குகளை அங்கே கவனிக்கிறார்கள்.

கூலி கொடுத்தே தீர வேண்டியவருக்கு ஒரு சிறு ஆறுதல். தொழில் கணக்குக்காகக் கொடுத்த பங்கைத் தொழில் செலவாகக் காட்டலாம்.

விவரம் தெரிந்தவன் சும்மா அனுப்புகிறான். தெரியாதவன் கூலி கொடுக்கிறான். வரி கட்டுவது குடிமக்களின் கடமை. அந்தக் கடமைக்கு இலவச வழி இருக்கிறது என்பதை எல்லோரும் அறியும்படி சொல்வது அரசாங்கத்தின் கடமை அல்லவா?