எந்த ஊரில் சோகம் அதிகம்? ஊருக்கே மார்க் போடுகிறார்கள்!

சென்னை,

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் ராங்க் கார்டு என்று யாராவது நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடலாம். ஊருக்கும் ராங்க் கார்டு வந்து பல வருஷம் ஆகிறது!

எந்த ஊரில் குடியிருப்பது சுகம், எந்த ஊரில் குடியிருப்பது சோகம் என்று மத்திய அரசே பட்டியல் போட்டது. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் முதல் பட்டியல் 2018 ஆகஸ்டில் வெளியானது. மொத்தம் 111 நகரங்கள். புனேவுக்கு முதல் இடம். உத்தரப்பிரதேசத்தில் உள்ள ராம்பூர் கடைசி. தமிழ்நாட்டில் திருச்சிக்கு 12-வது இடம். தலைநகரம் சென்னைக்கு 14. திருச்சிக்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள ஒரு சாக்கு.

அடுத்த பட்டியல் 2021 மார்ச் 4-ந்தேதி வந்தது. இந்தத் தடவை பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள ஊர்கள் 49 ஒரு பக்கம், அதற்குக் கீழே உள்ள 62 ஊர்கள் இன்னொரு பக்கம். பெரிய ஊர்களில் பெங்களூருக்கு முதலிடம். சென்னை 4, கோவை 7. சின்ன ஊர்களில் சிம்லா முதலிடம். சேலம் 5, வேலூர் 6, திருச்சி 10.

ஆக, தமிழ்நாட்டு நகரங்களுக்கு நல்ல மார்க்குதான். அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். குறை மார்க்கில் இல்லை. மார்க் போட்ட விதத்தில் இருக்கிறது.

58-ல் இருந்து ஒன்று!

இதே பெங்களூர் 2018 பட்டியலில் எந்த இடத்தில் இருந்தது தெரியுமா? 58!

இரண்டரை வருஷத்தில் 58-வது இடத்தில் இருந்து முதல் இடம். சில்க் போர்டு சந்திப்பில் நிற்கிற வண்டிகளெல்லாம் அதற்குள் பறந்து போய்விட்டனவா? ஏரி நுரை அடங்கிவிட்டதா? ஒன்றும் கிடையாது. ஊர் அதே ஊர். அளக்கிற கோல்தான் மாறியது. முதல் தடவை மக்கள் கருத்துக்குத் தனி மார்க் இல்லை. இரண்டாம் தடவை அதற்கும் மார்க் வைத்தார்கள். 100 மார்க்கில் 35 வாழ்க்கைத் தரத்துக்கு, 15 பொருளாதார வசதிக்கு, 20 நீடித்து நிற்கும் தன்மைக்கு, மீதி 30 மக்கள் கருத்துக்கு என்று பிரித்தார்கள்.

மக்கள் கருத்துக்கு 30 என்பது நல்ல காரியம்தான். இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் பாக்கி 70 மார்க் எங்கிருந்து வருகிறது? ஆபீஸ் பைலில் இருந்து. இத்தனை மைல் குழாய் போட்டோம், இத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது, இத்தனை லாரி குப்பை அள்ளினோம் என்ற கணக்கு. குழாய் போட்டதற்கு மார்க் உண்டு. அந்தக் குழாயில் ராத்திரி இரண்டு மணிக்கு அரை மணி நேரம் தண்ணீர் வந்து நின்றுபோனால், அதற்கு மார்க் குறைப்பது யார்?

எந்த மாதத்தில் கேட்டார்கள்?

மக்களிடம் கருத்து கேட்ட தேதியைப் பார்த்தால் விஷயம் இன்னும் புரியும். 2020 ஜனவரி 16 முதல் மார்ச் 20 வரை. 111 ஊர்களிலுமாகச் சேர்த்து 32 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். பெரிய எண்ணிக்கைதான்.

ஆனால் சென்னைவாசிக்கு ஜனவரி என்றால் என்ன? பொங்கல் முடிந்த கையோடு, மழை பெய்து ஏரியில் தண்ணீர் நிற்கிற காலம். காற்றும் கொஞ்சம் குளுகுளு. அப்போது போய் "ஊர் எப்படி இருக்கு?" என்று கேட்டால் யாரும் நல்லாத்தான் இருக்கு என்பார்கள்.

அதே ஆளை ஏழு மாதம் முன்னால், 2019 ஜூனில் கேட்டிருக்க வேண்டும்!

பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு தரை பிளந்து கிடந்த மாதம் அது. ஓட்டல்களில் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தார்கள். பழைய மகாபலிபுரம் ரோட்டு கம்ப்யூட்டர் கம்பெனிகள் சில, வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று ஆட்களை அனுப்பின. ஜூலை 12-ந்தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு முதல் ரெயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ரெயிலில் தண்ணீர் வந்து குடித்த ஊர், எளிதாக வாழ்வதில் நாட்டிலேயே நாலாவது இடம்!

கேள்வி கேட்டு முடித்த ஐந்தாம் நாள் நாடு முழுக்க ஊரடங்கு. கொரோனா வந்து, வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் ஊரைக் காலி செய்த பிறகு, 2021 மார்ச்சில் அந்தப் பழைய பதில்களுக்கு ராங்க் வந்தது. போன வருஷத்துப் பரீட்சைக்கு இந்த வருஷம் மார்க்.

இன்னொரு கூத்து ஸ்ரீநகர். பெரிய ஊர்கள் வரிசையில் அதற்கு 49-வது, அதாவது கடைசி இடம். 2019 ஆகஸ்டில் இருந்து அங்கே செல்போன் இன்டர்நெட் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. 2020 ஜனவரி 25-ல்தான் ஆமை வேகத்தில், அதுவும் அனுமதித்த தளங்கள் மட்டும் என்று திரும்ப வந்தது. கருத்துக் கணிப்பில் இன்டர்நெட் வழியாகவும் பதில் வாங்கிய நேரம் அது! ஸ்ரீநகர் கடைசி ஆனதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாய் திறக்க முடியாத ஊரைக் கேள்வி கேட்டு மார்க் போடுவது எந்த ஊர் நியாயம்?

கோட்டுக்கு அந்தப் பக்கம்

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஊருக்குக் கோடு எங்கே என்பது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரை, அடையாற்றங்கரைக் குடிசைகளை வரிசையாக அகற்றினார்கள். அங்கே இருந்த குடும்பங்களில் ஏராளமானவை பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விடப்பட்டன. எட்டு அடுக்குக் கட்டிடங்கள். லிப்ட் நின்றுபோனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறவேண்டும். சிந்தாதிரிப்பேட்டையில் நடந்துபோய் வீட்டு வேலை பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிய பெண்ணுக்கு, வேலை செய்த தெரு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளிப்போயிற்று. பாதிப் படிப்பில் பள்ளிக்கூடம் மாறிய பிள்ளைகளும் உண்டு, பள்ளிக்கூடத்தையே விட்ட பிள்ளைகளும் உண்டு.

சரி, இவர்களுடைய சோகம் சென்னையின் கணக்கில் வந்ததா?

கருத்து கேட்ட 2020-ல் பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சியிலேயே இல்லை. அது ஒரு ஊராட்சி!

யோசித்துப் பார்த்தால் தலை சுற்றும். ஆற்றங்கரையில் இருந்தவரை இவர்கள் சென்னைவாசிகள். வீடு இல்லாதவர்கள், கக்கூஸ் இல்லாதவர்கள் என்று ஊர் மார்க்கைக் குறைத்தவர்கள். லாரியில் சாமானை ஏற்றிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கியதும் சென்னைக்குக் குடிசை குறைந்தது. பட்டியலில் ஊர் பளிச்! கஷ்டம் தீர்ந்ததால் அல்ல, கஷ்டப்பட்டவர்கள் கணக்கில் இருந்து போனதால்.

இதற்கு முன்னால் எழுந்த துரைப்பாக்கம் கண்ணகி நகர் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. பதினைந்தாயிரம் வீடுகளுக்கு மேல் இருக்கிற இடம். அங்கே வாழ்வது எப்படி என்ற கேள்விக்கும் பெசன்ட் நகரில் வாழ்வது எப்படி என்ற கேள்விக்கும் சேர்த்து ஒரே மார்க் - 62.61. இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்து, ஒருத்தர் இலையில் நாலு வடை, இன்னொருத்தர் இலையில் ஒன்றும் இல்லை என்றால், ஆளுக்கு ரெண்டு வடை என்று எழுதுகிற கணக்கு இது.

சாவுக் கணக்கு

சந்தோஷத்தை அளக்கத் தெரியாவிட்டாலும் துக்கத்தை அளக்க ஒரு கணக்கு போலீசிடம் இருக்கிறது. சொல்லவே மனசு கூசுகிற கணக்கு. 2019-ம் வருஷம் நாட்டின் பெருநகரங்களில் அதிகம் பேர் தற்கொலை செய்துகொண்ட ஊர் எது? சென்னை. 2,461 பேர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொன்னது. டெல்லியில் 2,423, பெங்களூரில் 2,081.

ஜனத்தொகைக்குத் தக்கபடி பார்த்தால் அந்த வருஷம் கேரளத்துக் கொல்லம்தான் முன்னால் நின்றது. லட்சம் பேருக்கு 41.2. படிப்பு, ஆஸ்பத்திரி என்று எதைக் கேட்டாலும் முதல் வரிசையில் நிற்கிற மாநிலம் கேரளம்! ஒழுங்காகப் பதிவு செய்கிற ஊரில் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும் என்பதும் உண்மை. ஆகவே இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு சென்னைதான் சோக நகரம், கொல்லம்தான் துக்க நகரம் என்று பட்டம் கட்டுவதும் தப்பு. ஆனால் இந்தக் கணக்கு பக்கத்தில் இல்லாமல் "எளிதாக வாழும் ஊர்" என்று மட்டும் பட்டம் கட்டினால் அதுவும் தப்புதான்.

தூத்துக்குடியை எடுத்துக்கொண்டால், 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். மூன்று மாதம் கழித்து வந்த பட்டியலில் அந்த ஊர் பெயருக்கு நேராகவும் ஒரு நம்பர். ஒரு ஊரே பயந்து கதவைச் சாத்திக்கொண்ட நாட்களைச் சேர்க்க அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது.

வெளிநாட்டில் இன்னும் மோசம்

அமெரிக்காவில் இதை வியாபாரமாகவே செய்கிறார்கள். போர்ப்ஸ் பத்திரிகை "துயர நகரங்கள்" என்றே பட்டியல் போட்டது. கலிபோர்னியா மாநிலத்து ஸ்டாக்டன் 2009-ல் முதல் இடம். 2011-லும் முதல் இடம். ஊரில் வேலையின்மையும் கடனில் போன வீடுகளும் நிஜம். 2012-ல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. அதே ஸ்டாக்டனுக்கு 2015-ல், மக்கள் கூடி ஊரைச் சீர் செய்வதற்காகத் தேசிய குடிமை அமைப்பு ஒன்று விருது கொடுத்தது. பட்டியல் ஊரின் காயத்தைப் பார்த்தது, ஊர்க்காரர்களைப் பார்க்கவில்லை.

ஐ.நா. ஆதரவோடு வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் வேறு வழி. பத்துப் படி ஏணி ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். மேல்படி என்பது கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடிமட்டம் மிக மோசமானது. "நீங்கள் எந்தப் படியில்?" இவ்வளவுதான் கேள்வி. இதில் 2018 முதல் 2025 வரை வருஷம் தவறாமல் பின்லாந்துக்கே முதலிடம். இந்தியா 2025-ல் 118-வது இடம். பைலைப் பார்க்காமல் ஆளைக் கேட்பதால் இது ஒரு படி மேல். அதற்காக இதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதாது. பட்டினப்பாக்கத்து மீனவர் ஒருவரைக் கேட்டால் "ஏதோ ஓடுதுங்க" என்பார். அந்த "ஏதோ" எந்தப் படி? நாலா, ஏழா?

புதுசாக அளக்க வேண்டாம்

ஆகவே மாநிலத்தில் எந்த ஊர் சோக ஊர் என்று சண்டை போடுவது வெட்டி வேலை. சேலத்துக்காரரும் வேலூர்க்காரரும் ஆளுக்கொரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு அடித்துக்கொள்ளலாமே தவிர, ஒரு தெருவுக்கும் தண்ணீர் வராது. சிவகாசி, ஆம்பூர், நாகப்பட்டினம் போன்ற ஊர்களை அந்தப் பட்டியல்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது தனிக்கதை.

கேட்க வேண்டியது வேறு. ஊருக்குள்ளே எந்த வார்டில் சோகம்? எந்த மாதத்தில்?

இதற்குக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கம்பெனி வைத்து அளக்க வேண்டியதில்லை. சென்னையில் 200 வார்டுகள். 1913 என்ற புகார் நம்பருக்கு எந்த வார்டில் இருந்து, எதற்காக, எத்தனை தடவை போன் வந்தது, எத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்பது மாநகராட்சி கையிலேயே இருக்கிறது. எந்தத் தெருவுக்கு எத்தனை லாரித் தண்ணீர் போனது என்ற கணக்கு குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது. எந்த பஸ் எத்தனை நடை குறைந்தது என்பது போக்குவரத்துக் கழகத்திடம். 2021 மே மாதம் முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்ததே, கண்ணகி நகர்ப் பெண்களுக்கு அது மாதத்தில் எத்தனை ரூபாய் மிச்சம் என்பதை அளந்தாலே ஊர் ஒரு படி ஏறியதா இல்லையா என்று தெரிந்துவிடும். மூன்று கணக்கையும் வார்டு வாரியாகச் சேர்த்து மே மாதத்துக்கு ஒன்று, நவம்பர் மழைக்கு ஒன்று என்று போர்டில் ஒட்டினால் போதும். மாநகராட்சிக் கோட்டுக்கு வெளியே அனுப்பப்பட்டவர்களையும் அனுப்பிய வார்டின் கணக்கிலேயே வைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். புகாரே வராத வார்டு என்று சில இருக்கும். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதிகாரி டிக் அடித்துவிடக் கூடாது. போன் போட்டுப் போட்டு அலுத்துப்போய், "எதுக்கு, யார் வரப்போறா?" என்று விட்டுவிட்ட வார்டாகவும் அது இருக்கலாம். அளக்கிறவர்கள் முதலில் நேரில் போக வேண்டிய இடம் அதுதான்.