கட்டுத்தரையை விட்டுட்டு எங்க போய் ஒளியப் போறேன்?

மஞ்சள் வேகவைக்கிறதைப் பத்தி எழுதின போன பதிவுல, "அடுத்த மாசம் பொண்ணைப் பாக்கப் போறோம், வந்து எழுதறேன்"னு கடைசியில சொல்லியிருந்தேன். போகலைங்க. விசா கிடைக்கலை. விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி. ஆனா விசாரிச்சவங்கள்ல பாதிப்பேர், "ஐடி ரிட்டர்ன் ஒழுங்கா போட்டிருக்கணும்ணா", "நல்ல ஏஜெண்டா பாத்திருக்கணும்"னு புத்தியும் சொன்னீங்க. இந்தப் பதிவு அந்தப் புத்திமதிக்குப் பதில். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கங்க.

பொண்ணுக்குத் தலைப்பிரசவம். நம்ம பக்கம் அதுக்குப் பொறந்த வீட்டுக்கு வரணும். அவளால வர முடியாத நிலை, அதனால ஆத்தாக்காரி அங்க போகணும், துணைக்கு நான். அவ இருக்கிறது ஷெங்கன் நாடுகள் 29-ல ஒண்ணு. எதுன்னு சொல்லலை, சொன்னா சண்டை அந்த ஒரு நாட்டோடங்கிற மாதிரி ஆயிரும்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி சென்னை போனோம். விண்ணப்ப மையத்துல கைரேகைக்கு 10 விரலையும் வைக்கச் சொன்னாங்க. என் விரல்ல ரேகை எங்க இருக்குது? மம்பட்டிக் காம்பு தின்னது போக மிச்சம்தான். அந்தப் புள்ள பாவம், டிஷ்யூ வச்சுத் துடைச்சுத் துடைச்சு அஞ்சாறு தடவை எடுத்துச்சு. "என்ன சார் வேலை பாக்கறீங்க?"ன்னு கேட்டுச்சு. பண்ணையம்னு சொன்னேன். சிரிச்சுட்டு, காகிதப் பட்டியலை எடுத்து டிக் அடிக்க ஆரம்பிச்சுது.

சம்பளச் சீட்டு இருக்கா? இல்லை. கம்பெனி குடுத்த லீவ் லெட்டர்? எனக்கு யாருங்க லீவு குடுப்பாங்க, எருமையா? மூணு வருச வருமான வரி ரிட்டர்ன்? இல்லை. வருமான வரிச் சட்டத்துலயே விவசாய வருமானத்துக்கு வரி கிடையாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. எனக்கு வேற வருமானமும் இல்லை. கட்ட வேண்டாம்னு நம்ம அரசாங்கம் சொன்னதைக் கேட்டு நடந்ததுக்கு, அடுத்த நாட்டுக்காரன்கிட்ட நான் ஆதாரமில்லாத ஆளு.

நிலத்துக்குப் பட்டா இருக்குது. அதுவும் கூட்டுப் பட்டா. எங்க அப்பா பேரும் பெரியப்பா பேரும் சேர்ந்து கிடக்குது, ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்து ரொம்ப வருசமாச்சு. பங்காளிகளுக்குள்ள சண்டையில்லை, அளந்து பிரிச்சுத்தான் வெள்ளாமை வெக்கிறோம், ஆனா காகிதத்துல பிரியலை. (இதுக்குத் தாலுக்கா ஆபீசுக்கு நடந்த கதையைத் தனியா ஒரு பதிவு எழுதணும், இன்னைக்கு வேண்டாம்.)

எல்லாத்துக்கும் மேல பேங்க் ஸ்டேட்மெண்ட். இதை மட்டும் டவுன்ல இருக்கிறவங்க நிதானமா கேட்டுக்கங்க. உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் விழுகும், அதனால ஸ்டேட்மெண்ட் படிக்கட்டு மாதிரி ஒரே சீரா இருக்கும். எனக்கு மஞ்சள். வைகாசியில நட்டா மாசியில வெட்டு. வேகவச்சு, காயவச்சு, மெருகு போட்டு, வெலை வர்ற வரைக்கும் மூட்டையில கிடக்கும். வெலை வந்த அன்னைக்கு ஈரோட்டு ஏலத்துல மொத்தமா போகும். இந்தத் தடவை 35 குவிண்டால் போட்டேன், நாலரை லட்சம் ஒரே நாள்ல கணக்குல ஏறுச்சு. அதுக்கு முன்னாடி மாசக் கணக்குல பால் பணம் மட்டும்தான், ஆயிரமும் ரெண்டாயிரமுமா.

விசா பாக்கற ஆபீசருக்கு இது எப்படித் தெரியும்? யாரோ விசாவுக்காகக் கடன் வாங்கிக் கணக்குல போட்டிருக்காங்கன்னு தெரியும். அந்த மோசடியும் நடக்குதுதான், அவங்க சந்தேகப்படறதுல தப்பில்லை. ஆனா அவங்க கேக்கறது கடைசி மூணு மாசம், மிஞ்சினா ஆறு மாசம். மூணு வருசம் எடுத்துப் பாத்தா ஒவ்வொரு வருசமும் அதே பக்கம் அதே மாதிரி ஒரு மொத்தத் தொகை ஏறியிருக்கிறது கண்ணுக்குத் தெரியும். அசல் விவசாயியோட கணக்கு மூணு மாசத்துல பாத்தா எப்பவுமே களவாணி கணக்கு மாதிரிதாங்க இருக்கும்.

ரெண்டு வாரம் கழிச்சு கூரியர்ல பாஸ்போர்ட் வந்துச்சு, கூட ஒரு தாள். எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் ஒரே அச்சுத் தாள்தான். காரணமெல்லாம் வரிசையா அடிச்சிருக்கும், உங்களுக்கு எதுவோ அதுல ஒரு குறி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல குறி: விசா முடியறதுக்கு முன்னாடி நீங்க திரும்பிப் போவீங்கங்கிறதுல நியாயமான சந்தேகம் இருக்குது.

திரும்பி வர மாட்டேனாம், நான்!

ரெண்டு எருமை, மூணு மாடு, கிணத்துல மோட்டார், நாலு பக்கம் வேலி. 40 நாளைக்குக் கட்டுத்தரையைப் பாத்துக்கச் சொல்லி எந்தம்பி பையன்கிட்ட ரெண்டு மாசம் கெஞ்சியிருக்கேன். எங்க சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரை போயிட்டு, சாயங்காலப் பால் கறக்கறதுக்குள்ள வரணும்னு பந்திக்குக்கூட உக்காராம ஓடி வந்தவன் நான். சம்பளச் சீட்டு வச்சிருக்கிற தம்பிங்க கோவிச்சுக்காதீங்க: ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்தா நீங்க எந்த ஊருக்கும் போயிரலாம். அது தப்பில்லை, உங்க தொழில் அப்படி. ஆனா ஊரோட கட்டிப்போட்ட ஆளு யாருன்னு பாக்கறதுக்கு, சுலபமா கழண்டு போறவங்ககிட்ட இருக்கிற காகிதத்தையே அளவுகோலா வச்சிருக்காங்க பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

அவங்க சட்டம்கூட அப்படிச் சொல்லலை. 2009-ல போட்ட ஷெங்கன் விசா சட்டத்தோட பின்னிணைப்பை எம்பொண்ணு எடுத்து எனக்குப் படிச்சுச் சொன்னா. திரும்பிப் போவாங்களான்னு பாக்கறதுக்கு என்னென்ன காட்டலாம்னு அதுல ஒரு பட்டியல் இருக்குது. அதுல அசையாச் சொத்து இருக்குது, குடும்பப் பிணைப்பு இருக்குது. அதாவது தோட்டமும் சொந்தபந்தமும் செல்லும். சட்டத்துல இருக்கிற தோட்டம் சென்னை கவுண்டருக்கு வர்றதுக்குள்ள லீவ் லெட்டரா சுருங்கிப்போச்சு.

நிலத்தை வித்து, நகையை வித்து ஓடறவங்க இல்லையான்னு கேப்பீங்க. இருக்காங்க. 2025 பிப்ரவரியில அமெரிக்கா ராணுவ விமானத்துல 104 பேரை அமிர்தசரஸ்ல கொண்டுவந்து இறக்குச்சு, அதுல நிலத்தை வித்துக் காசு கட்டிப் போன பஞ்சாப் விவசாயி வீட்டுப் பசங்களும் உண்டு. ஆனா அவங்கள்ல பல பேர் போனது ஏஜெண்ட் காட்டின காட்டு வழி. பட்டா நகலும் பால் சொசைட்டி அட்டையும் தூக்கிக்கிட்டு, பொண்டாட்டியோட கவுண்டர்ல வந்து நிக்கிற 58 வயசுக்காரன் வேற ஆளுங்க.

நல்ல ஏஜெண்ட்னு சொன்னீங்களே, அவரையும் பாத்தேன். "அண்ணா, விவசாயின்னு போடாதீங்க. உங்க பேர்ல ஒரு டிரேடிங் கம்பெனி ஆரம்பிச்சு, மூணு வருசம் ரிட்டர்ன் போட்ட மாதிரி பண்ணிக்கலாம், நான் பாத்துக்கறேன்"னாரு. பொய் சொன்னா கிடைக்கும், நெசம் சொன்னா கிடைக்காதுங்கிறதை அவ்வளவு சாதாரணமா சொல்றாரு. அந்த டிரேடிங் கம்பெனி ஓனர் வேணும்னா திரும்பி வராம இருப்பான்!

இன்னொண்ணும் சொல்லணும். எங்க பொண்ணு இருக்கிற நாடு இல்லை, ஆனா உதாரணத்துக்கு ஜெர்மனி. படிச்ச இந்தியர்களுக்கு வருசத்துக்கு 20,000 வேலை விசாங்கிறதை 90,000 ஆக்கறோம்னு 2024-ல அறிவிச்சாங்க. நல்ல விசயம்தான். புள்ளைங்களைப் பெத்து வளத்துப் படிக்கவச்சுக் குடுத்தா சந்தோசமா வாங்கிக்கிறாங்க. அந்தப் புள்ளைக்குப் பேறுகாலம்னா பெத்தவளை மட்டும் சந்தேகப்படறாங்க. இதைப் பத்தி நம்ம அரசாங்கமும் வாயைத் திறக்கலை. வேலைக்கு ஆள் அனுப்பறதுக்கு ஒப்பந்தம் போடத் தெரியுது, "எங்க விவசாயிக்கு வரி இல்லை, அதனால ரிட்டர்ன் இருக்காது, தாசில்தார் குடுக்கிற வருமானச் சான்றை ஏத்துக்கங்க"ன்னு ஒரு வரி சேக்கத் தெரியாதா?

2024-ல இந்தியாவுலிருந்து போன ஷெங்கன் விண்ணப்பம் 11 லட்சத்துக்கு மேல, நிராகரிச்சது ஒண்ணரை லட்சத்துக்கு மேல. ஒரு ஆளுக்குக் கட்டணம் 90 யூரோ, நம்ம காசுல ஒம்பதாயிரத்துக்குக் குறையாது. விசா இல்லைன்னாலும் திருப்பித் தர மாட்டாங்க. மாட்டுத் தரகர்கூட வியாபாரம் படியலைன்னா தரகு கேக்க மாட்டாருங்க.

பேரன் பொறந்துட்டான். போன்லதான் பாத்தோம். மருந்துக்குன்னு இடிச்சு வச்ச சுக்கும் மிளகும் திப்பிலியும் டப்பாவுல அப்படியே இருக்குது. இப்ப கவுந்து படுக்கிறானாம். வீட்டுக்காரி போன் திரையைத் தடவிக்கிட்டே "அம்மாயி பாரு, அம்மாயி பாரு"ங்கிறா.

மறுபடியும் போட்டிருக்கோம். இந்தத் தடவை மூணு வருச ஸ்டேட்மெண்ட், மஞ்சள் ஏலச் சீட்டு, பட்டாவோட மொழிபெயர்ப்பு எல்லாம் வச்சாச்சு. தொழில்ங்கிற இடத்துல விவசாயம்னுதான் எழுதியிருக்கேன். கூட வைக்கிற கடுதாசியில எருமைங்க பேரையும் எழுதுங்கன்னு வீட்டுக்காரி சொன்னா, எழுதிட்டேன்.