அரக்கோணம் எம்.பி.யின் முதல் வேலை ரயில்தான்

அரக்கோணத்திலிருந்து சென்னை சென்ட்ரல் 69 கிலோமீட்டர். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் யூனிட் ரயிலில் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஆலைத் தொழிலாளர்கள், கடை ஊழியர்கள், செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள் என சீசன் டிக்கெட்டை நம்பிப் பிழைக்கும் ஒரு பெருங்கூட்டம் விடிவதற்கு முன் கிளம்பி, இருட்டிய பின் வீடு திரும்புகிறது. இவர்களுக்கு வேலை அம்பத்தூரிலும் ஆவடியிலும் பெரம்பூரிலும் இருக்கிறது. ஓட்டு அரக்கோணத்திலும் திருத்தணியிலும் இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் ரயிலைப் பற்றி ஒன்றிரண்டு வாக்குறுதிகள் தரப்படுகின்றன. ஆனால், அந்த வாக்குறுதிகள் என்னவாயின என்று ஐந்தாண்டு முடிவில் கணக்குக் கேட்கும் வழக்கம் இந்தத் தொகுதியில் உருவாகவில்லை. அது உருவாக வேண்டும் என்பதே நம் கருத்து.

சாலை, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. அவற்றைக் கேட்க எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள். ரயிலோ மத்திய அரசின் கையில் இருப்பது. மக்களின் அன்றாட வாழ்க்கையை டெல்லி இவ்வளவு நேரடியாகத் தீர்மானிக்கும் தொகுதிகள் தமிழ்நாட்டில் சிலவே. அரக்கோணம் அவற்றில் ஒன்று. ஆகவே, இத்தொகுதியின் மக்களவை உறுப்பினரை எதைக் கொண்டு எடைபோடுவது என்ற கேள்விக்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை.

2008 மறுவரையறைக்குப் பிறகு திருத்தணி, அரக்கோணம் (தனி), சோளிங்கர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து இந்த ஆறும் மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. திருத்தணி திருவள்ளூர் மாவட்டத்தில். காட்பாடி வேலூர் மாவட்டத்தில். நடுவிலுள்ள நான்கும் ராணிப்பேட்டை மாவட்டத்தில். கிழக்கே இருப்பவர்கள் எதற்கும் சென்னைக்கு ஓடுகிறார்கள். மேற்கே இருப்பவர்கள் வேலூருக்குப் போகிறார்கள். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு தமிழகத்தோடு சேர்ந்த ஊர். நவாபுகள் ஆண்ட ஆற்காட்டின் வரலாறு வேறு. ஒரே ஆட்சியர் அலுவலகமோ, ஒரே சந்தையோ, ஒரே ஆறோ இந்த ஆறு பகுதிகளையும் இணைக்கவில்லை. ஓரளவாவது இணைப்பது இருப்புப்பாதை மட்டுமே.

பயணம் ஏன் இவ்வளவு பெருகியது என்பதையும் பார்க்க வேண்டும். காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய நீர்நிலைகளையும் பாலாற்றையும் நம்பியிருந்த விவசாய பூமி இது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. ராணிப்பேட்டையின் தோல் தொழில் வேலை தந்தது. கூடவே நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்கே நிலைநிறுத்தியது இப்பகுதித் தோல் ஆலைகளை முன்வைத்துத்தான். மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, அத்தீர்ப்புக்குப் பின்னும் பல்லாண்டுகள் ராணிப்பேட்டையில் மலையாகக் குவிந்து கிடந்தது. 2015 ஜனவரியில் சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தனர். திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதிகளில் விசைத்தறி ஓடுகிறது. நூல் விலை ஏறும்போதெல்லாம் தறி நிற்கிறது. வயலும் தறியும் தோலும் கைவிட்டபோதெல்லாம் குடும்பத்தில் ஒருவராவது ரயிலேறினார். யூனிட் ரயில் இந்தக் கிராமங்களுக்கு ஒரு வசதி மட்டுமல்ல, வருமானத்தின் வழி.

இந்தப் பகுதிக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடி, வாலாஜா ரோட்டை அடைந்தது. அன்றைய கும்பினியார் அந்தப் பாதையை ஆற்காட்டை மனத்தில் வைத்தே போட்டார்கள். ஆனால், பாலாற்றுக்குத் தென்கரையில் இருக்கும் ஆற்காடு நகரத்துக்குள் இன்றுவரை ரயில் போகவில்லை. சோளிங்கர் என்ற பெயரைத் தாங்கிய ரயில் நிலையம், ஊரை விட்டுத் தள்ளிப் பாணாவரத்தில் இருக்கிறது. அரக்கோணமோ சென்னை, ரேணிகுண்டா, ஜோலார்பேட்டை, செங்கல்பட்டு என நான்கு திசைப் பாதைகளும் கூடும் சந்திப்பு. மின்சார எஞ்சின் பணிமனை உள்ள ஊர். நாடெங்கும் ஓடும் எஞ்சின்களில் ‘ஏஜேஜே’ என்று இந்த ஊரின் சுருக்கெழுத்து இருக்கும். அந்த எஞ்சின்களைப் பராமரித்து அனுப்பும் ஊரின் மக்கள் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ஓரங்கட்டப்பட்ட யூனிட்டில் நின்றபடி காத்திருக்கிறார்கள்.

செல்வாக்குள்ள பிரதிநிதிகள் கிடைக்கவில்லை என்று இத்தொகுதி சொல்ல முடியாது. 1977இல் இங்கே வென்ற ஓ.வி.அழகேசன், 1956 அரியலூர் ரயில் விபத்தின்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர். 2004இல் பா.ம.க. சார்பில் வென்ற ஆர்.வேலு, ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ரயில்வே இணையமைச்சராகவே இருந்தார். 1977 தொடங்கி 2024 வரை நடந்த 13 தேர்தல்களில் காங்கிரஸ், த.மா.கா., அ.தி.மு.க., தி.மு.க., பா.ம.க. என ஐந்து கட்சிகள் இங்கே வென்றிருக்கின்றன. இரா.ஜீவரத்தினம் தொடர்ந்து மூன்று முறையும், இப்போதைய உறுப்பினர் எஸ்.ஜெகத்ரட்சகன் 1999, 2009, 2019, 2024 என நான்கு முறையும் தேர்வானவர்கள். ஆகவே, குறையை ஒரு கட்சியின் மீதோ ஒருவர் மீதோ சுமத்துவது நியாயமாகாது. கேட்கப்படாத கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, திண்டிவனம்–நகரி புதிய பாதை. 2006–07இல் அனுமதி பெற்ற, ஏறக்குறைய 180 கிலோமீட்டர் நீளத் திட்டம் அது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக வந்து ஆற்காடு, ராணிப்பேட்டை, சோளிங்கர், பள்ளிப்பட்டைத் தொட்டு நகரியில் முடிய வேண்டியது. இந்த ஒரு பாதை முடிந்தால் தொகுதியின் பெரும்பகுதி ரயிலுக்கு அருகே வந்துவிடும். அனுமதி கிடைத்த ஆண்டில் பிறந்த குழந்தை ஓட்டுரிமை பெற்றுவிட்டது. பாதை முடியவில்லை.

இரண்டாவது, அரக்கோணம்–செங்கல்பட்டு ஒற்றைப் பாதை. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளத்தின் ஓடுபாதையை ஒட்டி மின்கம்பி போவதற்கு ஆட்சேபம் எழுந்ததால் தக்கோலம் பகுதியில் மின்மயம் பல ஆண்டுகள் தேங்கியது. பாதையை மாற்றிப் போட்ட பிறகே, 2019இல், சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகச் சுற்றிவரும் ரயில் சாத்தியமானது. ஆனால், ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காக கிராசிங்கில் காத்திருக்கும் ரயிலை நம்பி யாரும் ஷிப்ட் வேலைக்குப் போக முடியாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் இங்கிருந்து தொலைவில் இல்லை. அங்கே நேரத்துக்குப் போய்ச் சேரும் வழிதான் இல்லை.

மூன்றாவது, அரக்கோணத்துக்கு மேற்கே காட்பாடி நோக்கியும் வடக்கே திருத்தணி நோக்கியும் கூடுதல் தண்டவாளங்கள். மும்பை, பெங்களூரு, கோவை, கேரளம் ஆகிய இடங்களிலிருந்து வரும் பெரும்பாலான வண்டிகள் இந்த வழியில்தான் சென்னைக்குள் நுழைகின்றன. கூடுதல் பாதை இல்லாமல் கூடுதல் யூனிட் கேட்பது வெறும் மனு.

ரயில்வே பட்ஜெட் தனியாக இருந்த காலத்தில் ஆண்டில் ஒருநாளாவது ஊர்கள் தங்கள் பெயர் வாசிக்கப்படுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டன. 2017இல் அது பொது பட்ஜெட்டோடு கலந்துவிட்டது. எந்தப் பாதைக்கு எவ்வளவு என்பது ‘பிங்க் புக்’ என்ற பட்டியலில் சத்தமில்லாமல் வெளியாகிறது. தமிழகத் திட்டங்கள் பலவற்றுக்கு அதில் வெறும் ஆயிரம் ரூபாய் எனப் பெயரளவு ஒதுக்கீடு வந்த ஆண்டுகள் உண்டு. திட்டத்தைக் கைவிட்டதாகச் சொல்லாமலே கைவிடும் உத்தி இது. இன்னொரு பக்கம், தொகுதி மேம்பாட்டு நிதியான ஆண்டுக்கு 5 கோடி ரூபாயில் நிழற்குடையும் உயர்கோபுர விளக்கும் அமைத்துப் பெயர் எழுதி வைப்பதே எம்.பி.யின் சாதனை என்றாகிவிட்டது. ஊராட்சி மன்றம் செய்யக்கூடிய வேலைக்கு நாடாளுமன்ற உறுப்பினர் எதற்கு?

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் தெரிந்தவையே. எம்.பி. சட்டம் இயற்றத்தான் தேர்வாகிறார், ரயில் விடுவதற்கு அல்ல என்பது ஒன்று. ரயில்வேயின் மானியக் கோரிக்கையை நிறைவேற்றுவது மக்களவைதான். வெட்டுத் தீர்மானம் கொண்டுவரும் உரிமையும் அங்கேதான் இருக்கிறது. இது எம்.பி.யின் வேலையின் மையம். புறநகர் ரயிலால் நஷ்டம், சீசன் டிக்கெட் கட்டணம் மிகக் குறைவு என்பது அடுத்தது. உண்மைதான். ஆனால், அந்த மலிவான பயணச்சீட்டு இல்லையென்றால் இந்தத் தொழிலாளர்கள் சென்னையில் வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும். அந்த வாடகைக்கு ஈடான கூலியைச் சென்னை முதலாளிகள் தர வேண்டும். ரயில்வேயின் நஷ்டம் என்று எழுதப்படுவது மாநகரத்தின் லாபத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

உள்ளூரிலேயே வேலை வந்தால் ரயில் எதற்கு என்பது மூன்றாவது. பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது வரவேற்கத்தக்கதே. சென்னை–பெங்களூரு விரைவுச் சாலையும் இவ்வழியே வருகிறது. ஆனால், பனப்பாக்கத்துக்கு ஆற்காட்டிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் ஆட்கள் போய்வர வேண்டும். அப்போது பயணத்தின் திசை மாறும், தேவை மாறாது. கம்பெனி பஸ்ஸை மட்டும் நம்பி வளரும் தொழிற்பேட்டை அதில் வேலை செய்பவர்களுக்கே பயன்படும். சுற்றியுள்ள ஊர்களுக்குப் பயன்படாது.

மாநில அரசுக்கும் இதில் பங்குண்டு. புதிய பாதைகள் தாமதமாவதற்கு நிலம் கையகப்படுத்தலில் ஏற்படும் இழுபறி முக்கியக் காரணம். அந்த வேலை மாநில வருவாய்த் துறையுடையது. மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கிடையே கோப்பு சுற்றாமல் இருக்க ஒரே பொறுப்பு அதிகாரியை நியமிக்கலாம். 2018இல் சென்னைப் பெருநகர எல்லையை 8,878 சதுர கிலோமீட்டராக விரிக்கத் திட்டமிட்டபோது அரக்கோணம் வட்டமும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. பிறகு 2022இல் அந்த எல்லை 5,904 சதுர கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டது. கோட்டை எங்கே போட்டாலும், சென்னையின் போக்குவரத்துத் திட்டம் அரக்கோணத்துப் பயணியைத் தன் கணக்கில் வைத்தாக வேண்டும்.

அடுத்த மறுவரையறை வரும்போது இத்தொகுதியின் எல்லை மாறக்கூடும். தொகுதி நிலப்பரப்பில் ஒன்றியதாக இருக்க வேண்டும், போக்குவரத்துத் தொடர்பையும் மக்களின் வசதியையும் கருத வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஒரே ரயிலில் போகிறவர்கள் இன்று திருவள்ளூர், அரக்கோணம் என இரு தொகுதிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். கோடு வரைபவர்கள் சாதிக் கணக்கோடு சேர்த்து அந்தத் தடத்தையும் பார்க்கட்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தெற்கு ரயில்வே பொது மேலாளர் எம்.பி.க்களைக் கூட்டிப் பேசும் கூட்டங்களில் அரக்கோணம், திருவள்ளூர், காஞ்சிபுரம் உறுப்பினர்கள் ஒரே கோரிக்கைப் பட்டியலோடு போக வேண்டும். என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, பிங்க் புக்கில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு செலவானது என்பதை அரக்கோணம் எம்.பி. ஆண்டுதோறும் அச்சிட்டு, தொகுதியின் ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் ஒட்ட வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், திண்டிவனம்–நகரி பாதை எந்த ஆண்டில் முடியும் என்று தேதியோடு சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தயங்குபவருக்கு ஓட்டுப் போடத் தொகுதியும் தயங்கட்டும்.