ஊர்மன்றக் கதவும் ஆசிரியர்க்கு இட்ட தாழும்

வாக்காளர் பட்டியலை வீடுவீடாகச் சென்று திருத்துபவர் ஆசிரியர். வாக்குச்சாவடியில் விடியுமுன் சென்று அமர்பவர் ஆசிரியர். குடிக்கணக்கு எடுப்பவரும் அவரே. ஆயின், தாம் குடியிருக்கும் தெருவின் குடிநீர்க்குறையை ஊர்மன்றத்தில் உறுப்பினராய் எழுந்து சொல்ல மட்டும் அவர்க்கு உரிமையில்லை. இஃது எந்நாட்டு நயன்மை?

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் 2021இல் ஒன்றிணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. அதன் 70 வட்டங்களுக்கும் 2022 பிப்பிரவரி 19ஆம் நாள் தேர்தல் நடந்தது. தொடர்வண்டித் தொழிலாளர், வான்படைத்தளப் பணியாளர், மருத்துவமனை ஊழியர், அரசுப்பள்ளி ஆசிரியர் எனப் பலர் வாழும் பகுதி அது. அவருள் எவரும் பணியிலிருந்துகொண்டே வேட்பாளராக நிற்கவியலாது. தமிழக அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் (1973), நடுவணரசு விதிகள் (1964), தொடர்வண்டித்துறை விதிகள் (1966) ஆகிய மூன்றும் ஒரே குரலில் தடுக்கின்றன. வாக்களிக்கலாம், எவர்க்கென்று வாய்திறக்கலாகாது. நடுவணரசு விதியின்படி, தேர்தற் சின்னத்தைத் தம் வீட்டில் வைத்தலும் குற்றமே. நிற்க விழைவார் முதற்கண் பணியைத் துறத்தல் வேண்டும். தோற்றாலோ இரண்டும் இல்லை!

அதிகாரத்தைக் கையில் வைத்திருப்போர் அதனையே படிக்கட்டாக்கி மன்றமேறுதல் தீது, அதனை மறுப்பாரில்லை. காவல்துறையார், வருவாய்த்துறையார், நகராட்சி அலுவலர் ஆகியோர் விலகியே நிற்கட்டும். ஆயின், கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமன்றி வேறு கருவியறியா ஆசிரியர் எவரை அச்சுறுத்தி வாக்குப் பெறுவார்? ஒப்பந்தக்காரர் நிற்கலாகாதென்றுந்தான் சட்டம் உள்ளது. உறவினர் பெயரில் அவர் மன்றம் புகுவதை எது தடுத்தது?

தாம்பரத்திற்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், முதற் பராந்தகன் காலத்தவை (கி.பி. 919, 921), குடவோலைக்குத் தகுதி வகுத்தன. நிலமும் ஆரிய மறையறிவும் கேட்ட அப் பார்ப்பன அவையின் விதி தமிழர்க்குப் பொதுவறம் ஆகாது, அது தள்ளத்தக்கதே. எனினும், கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிய கூறு கொள்ளத்தக்கது. அங்கே தடை, செய்த குற்றத்திற்கு. இங்கே தடை, செய்யும் தொழிலுக்கு!

இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டம் உயர் அலுவலரை ஊராட்சி அரசியலினின்று விலக்கியபோதும், ஆசிரியரை அத் தடையினின்று நீக்கியது. தம்மைப் பணியமர்த்திய அதே மன்றத்தில் அமரலாகாது என்னும் வரம்பே அவர்க்கு உண்டு. நம்மை ஆண்டவன் தன் நாட்டு விலங்கைத் தளர்த்தினான். விடுதலை பெற்றோமென்பார் தம் மக்கட்கு அதனை இறுக்குகின்றனர்.

ஊதியமில்லா விடுப்பில் ஆசிரியர் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம், வென்றால் பதவிக்காலம் முடியப் பணிக்குத் திரும்பலாகாது, தோற்றால் திரும்பலாம். இவ்வொரு திருத்தம் போதும். பெருஞ்சாலையின் இருமருங்கும் தமிழ் இழந்து நிற்கும் பெயர்ப்பலகைகளைப் பார்த்து, 'ஏன்?' என்று மன்றத்தில் வினவத் தமிழறிந்தார் வேண்டும். அவரை வெளியே நிறுத்திவிட்டுத் தமிழுக்கு மன்றில் இடமில்லையே என வருந்துவது, விதையைப் பூட்டிவைத்து விளைச்சலுக்கு ஏங்குவதாகும். தமிழர் இதனை எண்ணுக, எண்ணியதைக் கேட்க!